டேவிஸ் அணை ஏற்றம்

அரிசோனாவில், கொலராடோ ஆற்றோரப் புல்ஹெட் நகரினின்று கிழக்கே மலையேறும் 68-ஆம் நெடுஞ்சாலையில் பயணித்தோம். இழுவண்டி பூட்டிய பிக்கப் வாகனங்களைச் சோதிப்பதற்குப் பெயர்பெற்ற ஏற்றம் இது. கடும் வெயிலில், குளிர்சாதனம் முழுமையாக இயங்க, சுமார் 18 கிலோமீட்டரும் 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏறவேண்டும். கரையில் பசுமை, மேலே வெறும் பாறை.

நடுத்தரப் பிக்கப் 3,000 கிலோ இழுக்கும் என்பர். மெய்தான். ஆயினும் அதில் பத்தில் ஒரு பங்கேனும், அதாவது 300 கிலோ, கொக்கியின்மேல் அமருமன்றோ! ஐவர் கொண்ட குடும்பம் ஏறினால் மேலும் 350. பல வண்டிகளின் சுமைவரம்போ 600 கிலோவை ஒட்டியதே. ஓட்டுநர் கதவோரச் சீட்டில் அவ்வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். வாங்குமுன் அதனையே வாசியுங்கள். குடும்பம் பெரிதாயின் இழுவண்டி சிறிதாகட்டும். இல்லையேல் பெரிய பிக்கப் தேடுக.

இறங்குகையில் தாழ்ந்த கியரிலேயே வந்தோம், பிரேக் சூடேறவில்லை.