குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம்

நெடுந்தீவுக்குப் போக நினைப்பவர் விடிந்ததும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நிற்கவேண்டும். குறிகட்டுவான் பஸ்ஸைத் தவறவிட்டால் காலைப் படகும் கைவிட்டுப் போகும். பஸ் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியாக வந்து, வாணர் தாம்போதியில் ஏறிப் புங்குடுதீவுக்குள் நுழையும். இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல், கம்பு நட்டு வலை கட்டிய மீன்பொறிகள், அவற்றின் மேல் குந்தியிருக்கும் நீர்க்காகங்கள். யன்னலோரம் இடம் பிடியுங்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு வரிசை நிற்கும். நயினாதீவுக்குப் படகு அடிக்கடி உண்டு, கால் மணி நேரப் பயணம்தான். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் எடுக்கும், ஒரு நாளில் ஓடும் படகுகளும் கொஞ்சம். நயினாதீவின் நாகபூசணி அம்மனையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி நாள் வையுங்கள்.

குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற படகுப் பெயர்கள் தீவாரின் வாயில் வீட்டாரின் பெயர்களைப்போல வரும். அந்தப் படகுகளில் நாம் விருந்தாளிகள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் ஆச்சி, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சைக்கிள், பெட்டிக்குள் கீச்சிடும் கோழிக்குஞ்சுகள் எல்லாம் அதில்தான் வரவேண்டும். இருக்கை குறைந்தால் எழுந்து நில்லுங்கள். நான் போனபோது காற்று வாங்கலாமென்று வெளிப்பக்கம் நின்றேன். "தம்பி, உள்ளுக்க வாங்கோ, நயினாதீவு தாண்டினா தண்ணி அடிக்கும்" என்றார் ஓர் அம்மா. நான் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் தோள்வரை நனைந்துவிட்டேன். அவரே துவாயை எடுத்து நீட்டினார்.

சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர்வரை கடல் கொந்தளிக்கும். கார்த்திகை, மார்கழியில் மழையும் வாடையும் சேரும். தை பிறந்து பங்குனிவரை போவது நல்லது. அப்போதும் படகு நேரத்தை முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் கால் வைத்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணம் செய்த சாதாரண மக்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தீவு அவர்களை நினைவுகூருகிறது. அதே கடல்வழியில்தான் நாம் வந்து இறங்குகிறோம்.

துறையில் ஓட்டோக்களும் சின்ன வாகனங்களும் நிற்கும். ஏறுமுன் இடங்களையும் கூலியையும் பேசிக்கொள்ளுங்கள். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். கோட்டை என்று காட்டப்படும் இடிபாடு, தூது போகப் புறா வளர்த்த புறாக்கூடு, அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் என ஓட்டுநர் வரிசையாகக் காட்டுவார். பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஆள் புகுந்து நிற்கலாம். ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டினார்கள்: வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடில்பர்க். அவை வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்ஃப்ட்' மட்டும் இன்றும் பஸ் பலகையிலும் வரைபடத்திலும் இருக்கிறது.

எனக்கு இந்தத் தீவில் எல்லாவற்றிலும் பெரிய காட்சி வேலிதான். யாழ்ப்பாணத்தின் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இங்கே இல்லை. வளவுக்கு வளவு முருகைக்கல்லை அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. ஒரு கல்லின் பள்ளத்தில் அடுத்த கல்லின் மேடு உட்காருகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லின் முகம் முழுக்க நட்சத்திரப் புள்ளிகள், மூளைமடிப்புப்போல நெளிகோடுகள்: ஒருகாலம் கடலுக்குள் உயிரோடிருந்த பவளத்தின் அடையாளம். இடுக்குகளால் காற்று புகுந்து போவதால் சோளகத்துக்கும் வேலி சரிவதில்லை. சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிரேக்கம், இத்தாலி, குரோவேசியா, சைப்பிரஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில் அது அப்போது பதிவானது. நெடுந்தீவுக்காரர் இதே கையோட்டத்தைப் பட்டியல் எதுவும் இல்லாமலே வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க வேலிமேல் ஏறாதீர்கள். ஒரு கல் நழுவினால் பக்கத்தில் நாலு நழுவும்.

திறந்த வெளிகளில் மட்டக்குதிரைகள் மேயும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழிவந்தவை, பிறகு ஆங்கிலேயரும் இங்கே குதிரை வளர்த்தார்கள். கோடையில் குளம் வற்றும்போது அவை தண்ணீருக்கு அலைந்து மெலிந்துபோகும். வாகனத்தில் துரத்திப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். தூரத்தில் நிறுத்துங்கள், சத்தம் போடாதீர்கள்.

தண்ணீர் மனிதருக்கும் அருமைதான். பல கிணறுகள் உவர், நல்ல தண்ணீர் சில இடத்தில்தான் ஊறும். குடிக்கத் தேவையானதைக் கொண்டுபோங்கள், வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தொப்பி அவசியம், நிழல் குறைவு. மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் இறங்கியதும் ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், கடைக்காரர் ஆளுக்குத் தக்கபடி உலை வைப்பார். இரவு தங்க ஒன்றிரண்டு விடுதிகள் உண்டு, முன்கூட்டியே பேசவேண்டும்.

தங்காதவர்கள் பிற்பகல் படகுக்கு அரை மணி முன்னரே துறைக்கு வந்துவிடுங்கள். அந்த நேரம் துறையில் கருவாட்டுப் பொதிகளோடு பெண்களும், பட்டணத்துப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகளும் நிற்பார்கள். அவர்கள் ஏறியபின் ஏறுங்கள்.