"வேண்டியது மட்டும் கேக்குது!"

காது மந்தமாகிவிட்டது என்று தானாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை என் பணிக்காலத்தில் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். மகள் கையைப் பிடித்து இழுத்து வருவாள், இல்லையென்றால் பேரன் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வருவான். வந்தவர் சொல்லும் முதல் வார்த்தை: "எனக்கு நல்லாத்தான் கேக்குது. இவங்கதான் வாய்க்குள்ளயே பேசுறாங்க." அரசு மருத்துவமனையின் ஆடியோமெட்ரி அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, சொந்த ஊரான அனந்தபுரத்துக்கே வந்துவிட்டேன். இப்போதும் செஞ்சி, வளத்தி, மேல்மலையனூர் பக்கமிருந்து தெரிந்தவர்கள் அப்பாவையோ அத்தையையோ கூட்டி வருகிறார்கள். என்னிடம் சோதிக்கும் மெஷின் இல்லை. ஆனாலும் பாதி விஷயம் திண்ணையிலேயே தெரிந்துவிடும்.

இதை எழுத வைத்தது, பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாம். ஒரு பையன் ஹெட்போனை மாட்டி, போனில் நாலு பீப் சத்தம் வைத்து, வயதான ஒரு அம்மாவுக்குப் பத்து நிமிஷத்தில் காதில் மாட்டும் மெஷினை விற்றுவிட்டான். காதுக்குள் வெளிச்சம் அடித்து அழுக்கு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. மைக் செட் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், மாஸ்கிங் (ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காதுக்கு இரைச்சல் கொடுத்து மறைப்பது) போடாமல் எடுத்த கிராஃபுக்கு என்ன மதிப்பு? உலக சுகாதார நிறுவனமே 2019-இல் போனில் காது பார்க்க ஒரு செயலி வெளியிட்டது உண்மைதான். அது டாக்டரிடம் போக வேண்டுமா என்று தெரிந்துகொள்வதற்கு. மெஷின் மாட்டிவிடுவதற்கு அல்ல. எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது, பக்கத்திலேயே நின்ற மருமகளிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மைசூரில் படித்தவர். ஆடியோமீட்டர் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் கூட வந்தவரை நிற்க வைத்து விசாரிப்பார். டிவி சத்தம் கூடியிருக்கிறதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி, அவர் அங்கே நிற்க மாட்டார். "ராத்திரி கரண்ட் போனா இவங்க பேச்சுல கலந்துக்குறாங்களா?" என்பார். முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு அர்த்தமே புரியவில்லை. அந்த மகள் யோசித்துவிட்டு, "இல்ல சார், இருட்டானா எழுந்து போய்ப் படுத்துடுவாங்க" என்றாள். அந்த அம்மா பல வருஷமாக உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தார். அவருக்கே அது தெரியாது. உள்ளே போய் கிராஃப் எடுத்தோம், 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்து விழுந்திருந்தது. 2020-இல் கொரோனாவுக்காக எல்லோரும் முகக்கவசம் போட்டபோது, திடீரென்று காது போய்விட்டது என்று பலர் வந்தார்கள். காது முன்பே போயிருந்தது, அப்போது மறைந்தது உதடு.

ஆனால் என்னை ஓய்வுபெறும்வரை விடாமல் துரத்திய வாசகம் ஒன்று உண்டு. "அவருக்கு வேண்டியது மட்டும் கேக்கும் சார்." பெரியவர் முன்னாலேயே சொல்வார்கள். காலையில் மருமகள் கூப்பிட்டால் திரும்ப மாட்டாராம்; ராத்திரி மகன்கள் நிலத்தைப் பாகம் பிரிப்பதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினால், கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே பதில் சொல்வாராம். இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. காலையில் மிக்ஸி ஓடுகிறது, மருமகள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறாள், அவள் குரல் மெல்லியது. ராத்திரி ஊரே அடங்கிவிட்டது, பேசுவது ஆண் குரல், விஷயமும் மனதில் ஓடிக்கொண்டிருப்பது. வயதால் வரும் மந்தம் உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான் முதலில் தின்னும். 'ஆ', 'ஓ' எல்லாம் கணீரென்று காதில் விழும். க, ச, த, ப உதிர்ந்துவிடும். கடை, சடை, தடை, படை நான்கும் அவருக்கு ஒரே சொல். சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. சரி என்று உரக்கக் கத்தினால் "ஏன்டி கத்துற?" என்று கோபம் வரும். மெல்லிய சத்தம் எட்டாத காதுக்கு உரத்த சத்தம் மட்டும் சட்டென்று வலிக்கும். அந்தக் கோபத்தையும் திமிர் என்றே வீட்டில் கணக்கு எழுதுகிறார்கள். எத்தனை வீடுகளில் இந்த ஒரு வாசகத்தால் பெரியவர்களுக்குப் பேச்சு நின்று போயிற்று என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பந்தியில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பவரைக் கவனியுங்கள். எதைக் கேட்டாலும் "ஆமா ஆமா" என்பவரையும், யாரையும் பேசவிடாமல் தானே பேசிக்கொண்டிருப்பவரையும் கவனியுங்கள். தான் பேசும்வரை அடுத்தவர் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பாடு இல்லையே. மகன் பேசினால் புரிகிறது, பேத்தி பேசினால் புரியவில்லை என்றால் அது பாசக் குறைவு இல்லை. மறதி வந்துவிட்டது என்று கூட்டி வந்தவர்களில் சிலருக்குக் காதுதான் பிரச்சினையாக இருந்தது. அசல் மறதி நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. லான்செட் இதழின் நிபுணர் குழு 2017-இல், நடு வயதின் காது மந்தத்தை, தவிர்க்க முடிந்த காரணங்களில் முன்வரிசையில் வைத்தது.

எங்கள் பக்கம் ரைஸ் மில்லிலும் கல் குவாரியிலும் இரைச்சலில் உழைத்தவர்களுக்கு நாற்பது வயதிலேயே கிராஃபில் 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்திருக்கும். காசநோய்க்கு, காதைக் கெடுக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இதெல்லாம் கேட்டால்தான் வெளியே வரும். இப்போது படித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னைவிட நிறையத் தெரிந்தவர்கள், நல்ல கருவி வைத்திருக்கிறார்கள். ஆனால் திரையிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. காதுக்கு அச்சு எடுத்து மோல்டு செய்யப் பொறுமை இல்லை, கிடைத்த ரப்பர் மொட்டைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள். மெஷின் வீல் என்று கத்துகிறது, பீரோவுக்குள் போகிறது, "அவங்க மாட்டவே மாட்டேங்குறாங்க" என்று பழி மறுபடியும் பெரியவர்மேலேயே விழுகிறது.

இரவு நன்றாகப் படுத்தவருக்குக் காலையில் ஒரு காது மட்டும் கேட்கவில்லையென்றால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் மீள வாய்ப்பு அதிகம். மற்றபடி காட்ட வரும்போது பெரியவரை ஆட்டோவில் ஏற்றித் தனியாக அனுப்ப வேண்டாம். சென்னையில் இருக்கும் மகன் லீவு போட்டு வரவேண்டும் என்பதும் இல்லை. தினமும் அவருக்குச் சோறு போடுகிறவர் கூட வரட்டும். சோதிக்கிறவர் கூட வந்தவரிடம் எதுவும் கேட்கவில்லையென்றால், மெஷினுக்குப் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.