கணவாய்க்கு அப்பால் ஒரு காகிதப் புதையல்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலத்துக்குப் புறப்பட்ட நாம், மஞ்சவாடிக் கணவாய் வழியே சென்றோம். சேர்வராயன் மலையில் பிறந்துவரும் வாணியாறு இப்பக்கத்து நிலங்களுக்குத் தாய் போன்றது. 1965-இல் தர்மபுரி தனி ஜில்லா ஆகும் வரையில் இவ்வூரும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததே. ஆகையால், டி. ஆர். சுந்தரம் சேலத்தில் ஸ்தாபித்த மாடர்ன் தியேட்டர்ஸின் பெருமையில் இவ்வூராருக்கும் பங்கு உண்டு.

வழி நெடுக நம் பேச்சு ஒரு விநோதமான பொழுதுபோக்கைப் பற்றியதாக இருந்தது. ஹாலிவுட் நட்சத்திரங்கள் கையொப்பமிட்ட பழைய ஒப்பந்தப் பத்திரங்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பவர்கள் மேல்நாடுகளில் இருக்கிறார்கள். ரசிகர்களுக்கு அனுப்பும் படங்களில் நட்சத்திரத்துக்குப் பதிலாகக் காரியதரிசியே கையெழுத்திடுவதுண்டு. ஒப்பந்தத்தில் அந்த ஜாலம் செல்லாது. ஆகவே அதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் கையெழுத்தைவிட, அதற்கு மேலேயுள்ள வாசகமல்லவா விசேஷம்! கொடுத்த வேஷத்தை மறுத்தால் சம்பளத்தை நிறுத்துவார்கள். நிறுத்திய நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிக்கொள்வார்கள். ஏழு வருஷ ஒப்பந்தம் அநுமார் வால் போல நீளும். இதை எதிர்த்து ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை வார்னர் பிரதர்ஸ் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். ஏழு வருஷம் என்றால் காலண்டர்ப்படி ஏழு வருஷமே என்று 1944-இல் கலிபோர்னியாவின் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அத்தகைய பத்திரம் ஒரு தொழிலாளியின் சரித்திரமேயாகும்.

சேலத்துக்கும் ஹாலிவுட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். 1952-இல் வெளிவந்த 'தி ஜங்கிள்' படத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து தயாரித்தது. ராட் காமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகியோர் அதில் நடித்தார்கள். கடல் கடந்த நட்சத்திரங்களைத் தன் படத்தில் நடிக்கவைத்த அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவை ஏற்காடு சாலையில் கண்டோம். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் தயாரித்த ஸ்தாபனத்தின் ஞாபகச் சின்னம் அது.

கல் வளைவு வெயிலையும் மழையையும் தாங்கும். காகிதம் கறையானைத் தாங்குமா? கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களே பின்னர் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. பிலிம் நியூஸ் ஆனந்தன் திரட்டிய செய்திகளும் படங்களும் இல்லையேல் தமிழ் சினிமாவின் சரித்திரத்தில் பாதி மறைந்திருக்கும். அந்த ஸ்டுடியோவில் நடித்தவரும், பாடியவரும், தச்சு வேலை செய்தவரும் நம் ஜில்லாக்களின் ஊர்களிலே வாழ்ந்தவர்கள். அவர்களுடைய வீட்டுப் பரண்களில் சம்பளச் சீட்டோ ஒப்பந்தமோ கிடைத்தால், பழைய காகிதக்காரனிடம் எடை போட்டுவிட வேண்டாம். அயலாரின் கையெழுத்துக்கு வியக்கும் நாம், நம்மவர் உழைப்பின் சாட்சியை அடுப்புக்கு இரையாக்கலாமா?