வத்தம் பார்த்து இறங்குகிறவர்கள்

பிச்சாவரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் படகுத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். 1975இல் வந்த ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த காடு இது என்பதைப் படகோட்டிகள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். படகு போகும் அகன்ற கால்வாயிலிருந்து பக்கவாட்டில் பிரியும் சந்துகளில், தொங்கும் வேர்களுக்கிடையே, கழுத்தளவுத் தண்ணீரில் தலை மட்டும் தெரிய மெல்ல நகர்கிறவர்கள் அநேகம் பேர் கண்ணில் படுவதில்லை. கையால் மீனும் இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் அவர்கள். அந்தத் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காகத்தான் அருகிலுள்ள கிள்ளைக்குப் போனேன்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் தீவு தீவாகக் கிடக்கிறது இந்தக் காடு. கிழக்கே சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து, மழைக்காலத்தில், கொள்ளிடத் தண்ணீரின் ஒரு பங்கு பாசன வாய்க்கால்கள் வழியாக வந்து சேர்கிறது. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் இந்த அளவு மாதத்துக்கு மாதம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வாயில் வைத்தால் கரிக்காத தண்ணீர், வைகாசியில் கடலைவிட உப்பாகிவிடும். இங்கே வாழும் உயிர்கள் எல்லாம் அந்த மாற்றத்துக்குப் பழகியவை.

அவற்றில் ராஜா என்றால் கொடுவா மீன்தான். ஆற்றிலும் வாழும், கழியிலும் வாழும், கடலிலும் வாழும். முட்டையிட மட்டும் முகத்துவாரத்துக்கும் கடலோரத்துக்கும் போகும். குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே ஏறி, கழிமுகத்திலும் நல்ல தண்ணீரிலும் இரண்டு மூன்று வருடம் வளர்ந்துவிட்டுத் திரும்பக் கடலை நோக்கி இறங்கும். பிடிபடுவதில் பெரும்பாலானவை ஒரு கிலோ, இரண்டு கிலோ. ஆனால் 60 கிலோ வரை வளர்ந்த கொடுவாக்கள் பதிவாகியிருக்கின்றன. சதை கெட்டி, முள் குறைவு, ருசி அதிகம். சந்தையில் இதற்கு இருக்கும் மதிப்பைப் பார்த்துத்தான் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதை வளர்ப்பு நிலையிலேயே இனப்பெருக்கம் செய்ய வைக்க முயன்றது. 1997இல் முட்டுக்காட்டில் அது கைகூடியது. குளத்தில் வளர்த்த கொடுவாவும் இன்று கடைக்கு வருகிறது. கைத்தொழிலோடு சேர்த்து நான் பார்க்க விரும்பியது காட்டுக் கொடுவாவை.

காலையில் வத்தம், அதாவது ஓதம் இறங்குவது, தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு பெண்கள் குழுவோடு சின்னப் படகில் போனேன். இந்தக் கழியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் வேலை முழுவதும் அந்தக் கொஞ்சத்தில்தான் நடக்கிறது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் வேரடிச் சேறு கைக்கு எட்டும். நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிக்கொண்டே போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும். “காலண்டர்ல எங்களுக்கு நிலா மட்டும் போதும் தம்பி” என்றார் குழுவில் மூத்த அக்கா.

இறங்கிய உடனே எல்லோரும் குந்தினாற்போல் உட்கார்ந்துகொண்டார்கள். நடந்தால் சேறு கலங்கும், அதிர்வு போகும், இறால் ஓடும். குந்தியபடியும் தவழ்ந்தபடியும் வரிசையாக நகர்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். சிலர் கழுத்தில் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்கடியில். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

கைகளின் வேலையை அக்கா கரையில் வைத்துத் தன் உள்ளங்கையால் காட்டினார். இறால் சேற்றில் அரைவாசி புதைந்து படுத்திருக்கும். பயந்தால் முன்னால் ஓடாது; வாலைச் சுண்டிப் பின்னால் எகிறும். அதனால் ஒரு கை முன்பக்கத்திலிருந்து மெதுவாக வர வேண்டும், இன்னொரு கை வாலுக்குப் பின்னால் குழித்துக் காத்திருக்க வேண்டும். முன்கை மீசையைத் தொட்டதும் இறால் தானாகப் பின்கைக்குள் வந்து விழும். “நாம புடிக்கிறதில்ல. அதுவா வந்து உக்காரும்.” இதை அவர் சொல்லும்போது பெருமை எதுவும் இல்லை, அவ்வளவு இயல்பாகச் சொன்னார். நான் கவனித்தவரை அவர் கை வெறுமையாக மேலே வந்தது மிகக் குறைவு.

தொட்டதை வைத்தே என்னவென்று அறிந்துவிடுகிறார்கள். ஓடு சொரசொரவென்று இருந்தால் நண்டு. அப்போது கையை இழுக்காமல், ஓட்டின் பின்விளிம்பை அழுத்தி, கொடுக்கு எட்டாத இடத்தில் பிடிக்க வேண்டும். வழவழப்பும் மீசையும் சேர்ந்து தட்டுப்பட்டால் கெளுத்தி. அந்த முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். வேரில் ஒட்டிய ஆளி கத்தியாக அறுக்கும். குழுவில் எல்லோருடைய விரல்களிலும் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன. மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறி உள்ளங்கை வெளுத்து, தோல் உரிந்திருந்தது. மார்கழிக் குளிரிலும் இதே வேலை. மாதவிலக்கு நாட்களிலும், பிள்ளை பெற்ற சில மாதங்களிலேயே கூட இறங்கியதுண்டு என்றார்கள்.

‘வலை வாங்க வசதியில்லாததால் கையால் பிடிக்கிறார்கள்’ என்று கிள்ளையிலும் சிதம்பரத்திலும் பலர் என்னிடம் சொன்னார்கள். வறுமை உண்மை. ஆனால் அந்த வாக்கியம் பாதி கதையைத்தான் சொல்கிறது. சுரபுன்னையின் முட்டுவேர்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில் எந்த வலையையும் விரிக்க முடியாது, விரித்தால் கிழியும். இறாலும் நண்டும் ஒளிவது அங்கேதான். அங்கே போகக்கூடிய ஒரே கருவி கை. அந்தக் கைக்கு எந்தத் திட்டில் எப்போது என்ன கிடைக்கும் என்பது தெரியும். சிறிய குஞ்சு தட்டுப்பட்டால் விட்டுவிடவும் அதற்கு முடியும், வலைக்கு முடியாது. இது ஒரு தொழில்நுட்பம். இதைத் தொழிலாகவே எண்ணாமல் இல்லாமையாக மட்டும் பார்ப்பதுதான் என்னை வருத்துகிறது.

கொடுவாவைத் தேடி மாலையில் ஒரு பெரியவரோடு போனேன். அவரும் கையால் தடவிப் பிடிக்கும் இந்தக் கைத்தடவலில் வளர்ந்தவர்தான். முதுகு ஒத்துழைக்காததால் இப்போது கைத்தூண்டில் போடுகிறார். கோல் கிடையாது. தங்கூஸ் நரம்பை ஒரு கட்டையில் சுற்றி வைத்திருந்தார். முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்கு மட்டும் தடித்த நரம்பு. ஏனென்று கேட்டேன். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு சவரக்கத்தி மாதிரி, தலையை உதறினால் மெல்லிய நரம்பு அறுந்துபோகும் என்றார். பிடித்தபின் செவுளுக்குள் விரலை விடக் கூடாது. கீழ்த்தாடையைத்தான் பிடிக்க வேண்டும்.

இரை, உயிருள்ள மடவைக் குஞ்சு. முதுகில் மேலாக முள்ளைக் குத்தினால் நெடுநேரம் நீந்தும். இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். வத்தத்தில் சின்ன வாய்க்கால்களில் இருக்கும் தண்ணீர் வடிந்து பெரிய கால்வாயில் சேரும்போது இறாலும் பொடிமீனும் அதோடு இழுபட்டு வரும். அந்த வாயில், வேரின் நிழலில், நீரோட்டத்தை எதிர்நோக்கி அசையாமல் கொடுவா நிற்கும். தேடிப் போவதில்லை. இரை தன் முன்னால் வந்ததும் வாயை ஒரே விரிப்பாக விரித்து, தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது ‘டொப்’பென்று ஒரு சத்தம் வரும். பெரியவர் காத்திருந்தது அந்தச் சத்தத்துக்குத்தான். இருட்டத் தொடங்கியபின் அது இரண்டு முறை கேட்டது. முதல் சத்தம் வந்த திசைக்கு அவர் இரையை நகர்த்தவே இல்லை. “அது சாப்பிட்டுட்டுது. பக்கத்துல இன்னொன்னு நிக்கும்” என்றார்.

நின்றது. நரம்பு இழுபட்டதும் அவர் உடனே வெட்டி இழுக்கவில்லை; ஒரு பாகம் விட்டுக்கொடுத்தார். மீன் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. அந்தக் கணத்தில் நரம்பைத் தளர்த்தினார். வேருக்குள் புகப் பார்த்தபோது மட்டும் இறுக்கினார். படகில் ஏற்றியபின் டார்ச்சை அடித்தார். கண் செம்பொன்னாகப் பளிச்சிட்டது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்.

“இதுல சினை இருக்காது. பெரிசுலதான் சினை இருக்கும். சின்னதை எத்தினி அறுத்தாலும் நான் கண்டதில்ல” என்றார். அவர் அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் உயிரியலும் சொல்கிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்தபின், பெண்ணாக மாறுகிறது. அதனால் ஒரு கழியில் பெரிய மீன்களை எல்லாம் வாரிவிட்டால் அங்கே இருந்த தாய்மீன்கள் அத்தனையும் போய்விட்டன என்று பொருள். லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்கள் அவை. குஞ்சிலேயே வலையில் அள்ளினாலோ ஆணாகக்கூட ஆகாமல் முடிந்துவிடும். கொசுவலை போன்ற பொடிக்கண் வலைகளைக் கழியில் இழுப்பதைப் பற்றி அவர் பேசும்போதுதான் குரல் உயர்ந்தது.

காட்டின் நிலை வேறொரு கதை. விறகுக்காக இங்கே 1970கள் வரை பட்டை பட்டையாக மரம் வெட்டினார்கள். மரம் போன இடத்தில் மண் அமிழ்ந்து பள்ளமானது. ஓதத் தண்ணீர் உள்ளே போய்த் திரும்ப வழியில்லாமல் தேங்கி வற்ற, உப்பேறி, எதுவும் முளைக்காத களராகிவிட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அந்தப் பள்ளங்களில் நடுவே ஒரு கால்வாயும் இருபுறமும் சாய்வாகக் கிளைகளும் வெட்டினார்கள். ஓதம் வந்து போனதும் உப்பு குறைந்தது; கரைகளில் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள், கடலை நேராகப் பார்த்திருந்த ஊர்களைவிடக் குறைவாகவே அடிபட்டன. 2022இல் பிச்சாவரம் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் காட்டை மட்டும் காத்தால் கொடுவா வராது. அதற்கு மேலிருந்து நல்ல தண்ணீரும் கீழே திறந்த வாயும் வேண்டும். கொள்ளிடத்தில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வீராணம் ஏரிக்கும் வயல்களுக்கும் தண்ணீர் பிரிகிறது. மிச்சம் இருந்தால்தான் கழிக்கு. மழை பொய்த்த ஆண்டில் மிச்சம் இருப்பதில்லை. மணல் மேடு முகத்துவாரத்தைக் குறுக்கினால் ஓதமும் நொண்டும். ஆற்றுத் தண்ணீர் கடலில் கலப்பதை ‘வீண்’ என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் தண்ணீரில்தான் இறாலும் மடவையும் கொடுவாவும் வளர்கின்றன. அது கலக்காத ஆண்டுகளில் கைக்கு என்ன தட்டுப்படுகிறது என்று இந்தப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிடித்ததைக் கரையில் காத்திருக்கும் வியாபாரிக்குக் கொடுக்கிறார்கள். ஐஸ் பெட்டியும் தராசும் அவருடையது. முன்பணம் வாங்கியவர்கள் அவருக்கே போட வேண்டும். விலை அவர் சொல்வது. பெரியவரின் கொடுவாவுக்குக் கிடைத்த விலையைச் சிதம்பரம் கடையில் விசாரித்தேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இருளர் பட்டியல் பழங்குடியினர். பலருக்குச் சாதிச் சான்று தலைமுறை கடந்த அலைச்சலுக்குப் பிறகுதான் கிடைத்தது. இன்னும் கிடைக்காத குடும்பங்களும் அந்தத் தெருவில் உண்டு. சான்று இருந்தாலும் இன்னொரு கதவு மூடியிருக்கிறது. “நீங்க மீனவர் இல்லன்னு சொல்றாங்க. வலை இருக்கா, போட்டு இருக்கான்னு கேக்குறாங்க” என்றார் அக்கா. சுனாமி நிவாரணத்திலும் இதே கேள்விதான் வந்ததாம். அவர் கேட்பது மூன்று: மீனவர் கணக்கில் தங்கள் பெயர், முன்பணத்துக்கு வியாபாரியிடம் நிற்காமலிருக்க ஒரு சங்கக் கடன், கரையிலேயே சொந்தமாக ஒரு ஐஸ் பெட்டியும் தராசும். மனு எழுதி வைத்திருந்தார்கள். குழுவில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்தான் எழுதியது. ‘தொழில்’ என்ற கட்டத்தில் அவள் ‘கைத்தடவல் மீன்பிடிப்பு’ என்று எழுதியிருந்தாள். அடுத்த வாரம் மனுநாளில் கடலூருக்குப் போகிறார்கள். அன்றைக்கு வத்தம் மத்தியானத்துக்கு மேல்தான் என்பதையும் பார்த்துத்தான் தேதி குறித்திருந்தார்கள்.