மலைமரப் பொந்தில் ஒரு சிலந்தி

கல்முனைக் கடற்காற்றைப் பிரிந்து, மகியங்கனைக்கப்பால் 18 வளைவுகளையும் பஸ்வண்டி ஏறி முடித்தபோது எமக்குக் குளிரெடுத்தது. கண்டி மலைச்சாரலில் நாம் தேடிச் சென்றது கோயிலையன்று, ஒரு சிலந்தியை! சிங்களவர் இதனைத் ‘திவி மகுளுவா’, அதாவது சிறுத்தைச் சிலந்தி என்பர். ஹாரகமவிற் கிடைத்து, 1996இல் அறிவியலார் விவரித்த ‘பொசிலொதீரியா ஸ்மிதி’ என்னும் வகை இலங்கைக்கே உரியது. முதுமரப் பொந்திற் பகலெல்லாம் ஒடுங்கியிருந்து, இரவிற் பூச்சிகளை வேட்டையாடும்.

பொந்து விழுந்த மரமென்றால் விறகுக்கென வெட்டிவிடுவது நம் வழக்கமன்றோ? 2019இல் இப்பேரினம் முழுவதும் சர்வதேச வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அது கடல்கடந்த விற்பனையைக் கட்டுப்படுத்தும், கோடரியைத் தடுக்காது.

ஒரு மரத்தடியிற் பொழுது சாயும்வரை காத்திருந்தோம். பொந்தின் வாயில் இரண்டு கால்கள் மட்டும் மெல்ல வெளிவந்தன.

“வீட்டுக் கூரையிற் கண்டால் ஒட்டடைக்கம்பை எடுத்திருப்பேன், சேர்!” என்றான் உடன்வந்த மாணவன், தணிந்த குரலில்.