என் சைக்கிளுக்கு ஒரு பூட்டு

(பதினோராம் வகுப்பு மாணவி)

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மலைக்கோட்டையும் பிரியாணியும் பூட்டும் நினைவுக்கு வரும். கையால் செய்யப்படும் எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு சைக்கிள் பூட்டு வாங்குவது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய காரியம்தான், தோழியரே!

சென்ற ஆண்டு என் அக்காவின் சைக்கிள் திருட்டுப் போயிற்று. மாலை நேரக் கணினி வகுப்புக்குச் சென்றவள், பின்சக்கரத்தைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடியேறினாள். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது சாவி இருந்தது, சைக்கிள் இல்லை. எங்கள் கிராமம் நகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். வகுப்பு முடியும் நேரத்தில் பேருந்து கிடையாது. "பொம்பளப் புள்ள இருட்டுல நடந்து வர வேணாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அத்துடன் அவள் வகுப்பு நின்றது. திருடன் கொண்டு போனது சைக்கிளை மட்டுமா?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பிறர் துணையை எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் உரிமையை அந்த இரு சக்கரங்கள் அவர்களுக்குத் தந்தன. அக்கா வீட்டில் முடங்கிய நாட்களில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

இந்த ஆண்டு அரசின் விலையில்லா மிதிவண்டி எனக்குக் கிடைத்தது. காலையில் நான் அதில் பள்ளிக்கு வருகிறேன். மாலையில் அக்கா அதை எடுத்துக்கொண்டு மீண்டும் வகுப்புக்குச் செல்கிறாள். வண்டி ஒன்று, படிப்பு இரண்டு! எனவே முதல் வாரமே அப்பாவுடன் பூட்டுப் பட்டறைக்குப் போனேன்.

அங்கிருந்த பெரியவர் நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "சக்கரத்தை மட்டும் பூட்டினா வண்டி உருளாது, அவ்வளவுதான் பாப்பா. தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுப் போறவனை அது என்ன செய்யும்? வண்டியைக் கம்பத்தோட சேத்துக் கட்டணும்" என்றார். அக்காவின் சைக்கிள் போன வழி அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

எண் பூட்டு வாங்கினால் சாவியே வேண்டாமே என்று எனக்கு ஓர் ஆசை. வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வளையங்கள் உள்ள பூட்டில் 000 முதல் 999 வரை 1,000 எண்கள். ஓர் எண்ணுக்கு மூன்று விநாடி என்றால், எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்க 50 நிமிடம் போதும். அக்கா வகுப்பில் இருப்பதோ ஒரு மணி நேரம்! ஆசையை அத்துடன் விட்டுவிட்டேன். மெல்லிய கம்பிவடப் பூட்டையும் பெரியவர் வேண்டாம் என்றார். மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் உறை. உள்ளே இருப்பதோ வெட்டுக்குறட்டில் அறுபடும் மெல்லிய கம்பிகள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது கனமான இரும்புச் சங்கிலியும், லீவர் வைத்த தொங்கு பூட்டும். லீவர் என்பது பூட்டின் உள்ளே அடுக்கியிருக்கும் தகடு. சாவி ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். கூடினாலும் திறக்காது, குறைந்தாலும் திறக்காது. 1778-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை பெற்ற முறை இது. தகடுகள் கூடக் கூடக் கள்ளச்சாவிக்கு வேலை கடினம்.

விலை உயர்ந்த பூட்டே போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்காவின் கிரிப்டோனைட் நிறுவனம் 1972-ல் 'யு' வடிவப் பூட்டுப் போட்ட சைக்கிள் ஒன்றை நியூயார்க் தெருவில் 30 நாள் நிறுத்தி வைத்தது. சைக்கிளின் பாகங்கள் களவு போயின, பூட்டோ அசையவில்லை. ஆனால் 2004-ல் அதே நிறுவனத்தின் உருளைச் சாவிப் பூட்டுகளைச் சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் குழலால் திறக்கலாம் என்று தெரியவந்தது! இலட்சக்கணக்கான பூட்டுகளை அவர்கள் மாற்றிக் கொடுக்க நேர்ந்தது.

ஆகவே பூட்டும் விதமும் முக்கியம். சங்கிலி பின்சக்கரத்துக்குள்ளும் வண்டிச் சட்டத்துக்குள்ளும் புகுந்து, அசையாத கம்பத்தைச் சுற்றி வர வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால், மரை கழற்றிச் சக்கரத்தை நமக்கு விட்டுவிட்டு மற்றதைத் திருடன் கொண்டு போவான். பூட்டு தரையில் கிடந்தால் சுத்தியலால் அடிப்பது எளிது. மேலே தூக்கி, தளர்வு இல்லாமல் பூட்ட வேண்டும். சாவித் துளை கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் இறங்காது. சக்கரப் பூட்டையும் சேர்த்துப் போட்டால் திருடனுக்கு இரட்டை வேலை. 

அடுத்த ஆண்டு சைக்கிள் பெறப்போகும் தங்கையரே, உங்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். நம் கொட்டகையில் நிற்பவை எல்லாம் ஒரே நிறம், ஒரே உருவம். வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் காவல் நிலையத்தில் "இது என்னுடையது" என்று காட்ட அந்த எண்தான் சாட்சி.

எந்தப் பூட்டும் திருடனை முற்றிலும் தடுத்துவிடாது, அவனைத் தாமதப்படுத்தும். தாமதம் அவனுக்கு அச்சம். பத்துப் பேர் பார்வையில் படும் இடம் அதைவிட அச்சம். ஆதலால் அக்கா இப்போது வகுப்பின் எதிரே உள்ள தேநீர்க் கடையின் விளக்குக் கம்பத்தில்தான் சைக்கிளைக் கட்டுகிறாள். கடைக்கார அண்ணாச்சி ஒரு கண் வைத்துக்கொள்கிறார். வரும் மாதம் அவளுக்குத் தேர்வு. கணினி முன் உட்கார்ந்திருக்கும்போது சன்னலை எட்டிப் பார்ப்பதில்லை என்கிறாள். பூட்டுக்குக் கொடுத்த காசு அந்த நிம்மதிக்கே சரியாகிவிட்டது.