பில்லிஸ்: மொழி இல்லாத மதில்

அல்பேனியாவின் ஹேகல் கிராமத்தை ஒட்டிய குன்றின்மேல் பில்லிஸ் நகரம் சிதைந்து கிடக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இல்லீரியர் எழுப்பிய கோட்டை மதில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அரங்கின் மேற்படியில் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். கீழே பள்ளத்தாக்கில் வியோசா ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

மதிற்கல் ஒன்றில் எழுத்துகளைக் கண்டதும் இல்லீரியரின் குரலையே நெருங்கிவிட்டதாக மகிழ்ந்தேன். ஆனால் அவை கிரேக்க எழுத்துகள். 6ஆம் நூற்றாண்டில், பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், மதில் கட்டிய விக்டோரினோஸைப் பற்றியவை.

இல்லீரிய மொழியில் ஐயத்திற்கிடமற்ற கல்வெட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஆட்பெயர்கள், ஊர்ப்பெயர்கள், சில சொற்கள் எஞ்சியுள்ளன. அவையும் பெரும்பாலும் பிறர் எழுதி வைத்தவை. இத்தனை பெரிய கற்களை அடுக்கியவர்கள் கல்லை என்ன சொல்லி அழைத்தார்கள்? குன்றிலிருந்து இறங்கும்போது அக்கேள்வியே மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.